பிசினஸ் விசாவோடு ஸ்பேனர் எடுக்கலாமா?

டூரிஸ்ட் விசா போதுமா, பிசினஸ் விசாதான் எடுக்கணுமா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் விடையைத் தாங்களே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். டூரிஸ்ட் விசா சீக்கிரம் கிடைக்கும், அழைப்புக் கடிதத்துக்காக யாரிடமும் நடையாய் நடக்க வேண்டாம், மூன்று நாள் வேலைக்கு எதற்கு இத்தனை காகிதம் என்ற நினைப்பு. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் பேக்கிங் இயந்திரங்களை விற்கிறது, விற்றதைப் பழுதுபார்த்தும் கொடுக்கிறது. மலேசியாவின் ஜொகூர், இந்தோனேசியாவின் பாத்தாம், பேங்காக், சென்னை என்று ஆட்களை அனுப்பும்போது விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இது தெரிந்ததால் சொந்தக்காரர்கள், கோயிலில் பழக்கமானவர்கள், மகளின் தோழியுடைய அம்மா என்று வெளியிலிருந்தும் இதே கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூரிஸ்டா பிசினஸா என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பல நாடுகளில் இரண்டுக்கும் ஒரே விசாதான், நம் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குப் பல இடங்களில் விசாவே வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது, அங்கே போய்ப் பேசப் போகிறோமா, வேலை செய்யப் போகிறோமா என்பது. ஆபத்தான கோடு பிசினஸுக்கும் வேலைக்கும் நடுவில்தான் ஓடுகிறது. அதைத் தாண்டுகிறவர்களில் நிறையப் பேர் தெரியாமல்தான் தாண்டுகிறார்கள். அப்படித் தாண்டி மாட்டிக்கொண்டால் குடிநுழைவு அறையில் போய் உட்காருவது அனுப்பி வைத்த முதலாளி இல்லை, கருவிப் பெட்டியோடு போன ஊழியர். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான், இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

சுற்றுலா என்றால் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊர் சுற்றுவது, கோயில், கல்யாணம், சொந்தபந்தம், அவ்வளவுதான். பிசினஸ் என்று குடிநுழைவுச் சட்டங்கள் சொல்வது, சுருக்கமாகச் சொன்னால், உட்கார்ந்து பேசுவது. கூட்டம், விலை பேசுதல், ஒப்பந்தத்தில் கையெழுத்து, கண்காட்சிக்குப் போவது, சரக்கு எடுக்கும் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பது, மாநாட்டில் பார்வையாளராக உட்காருவது. மூன்றாவது வகை, அந்த நாட்டில் அந்த நாட்டுக்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய காரியத்தை நாம் போய்ச் செய்வது. இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது, ஹோட்டல் திறப்புக்குப் போய்ச் சமைத்துக் கொடுப்பது, பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி வகுப்பு எடுப்பது, மேடையில் பாடுவது எல்லாம் இதில் வரும். "சம்பளம் சிங்கப்பூரில்தானே வருகிறது, அங்கே ஒரு காசுகூட வாங்கவில்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு அம்சம்தான். அதை மட்டும் வைத்து ஒரு காரியம் வேலை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் கை அங்கே என்ன செய்தது, அதன் பலன் யாருக்குப் போனது என்பதையும் பார்ப்பார்கள்.

2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய், எல்ஜி நிறுவனங்கள் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சுமார் 475 பேரைப் பிடித்தார்கள், அதில் 300க்கும் மேற்பட்டவர்கள் தென் கொரியர்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி போட்டுக் கூட்டிப்போன காட்சி உலகமெல்லாம் ஓடியது. அவர்களில் பலர் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர்கள் இல்லை. பி-1 என்கிற பிசினஸ் விசாவிலும், விசா இல்லாமல் போகிறவர்கள் எடுக்கும் எஸ்டா அனுமதியிலும், அவரவர் கம்பெனி டிக்கெட் போட்டு அனுப்பி வைத்த தொழில்நுட்பக்காரர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, கொரிய முதலீட்டு ஆலைகளில் இயந்திரங்களைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் பி-1 விசாவைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தரப்பு தெளிவுபடுத்தியது. அந்தத் தெளிவு வருவதற்குள் அத்தனை பேர் தடுப்புக் காவலில் இருந்துவிட்டார்கள். அவர்கள் செய்தது, எங்கள் நிறுவனத்து ஆட்கள் மாதாமாதம் செய்கிற அதே வகை வேலை.

அமெரிக்க விதியை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கோடு எங்கே என்று ஓரளவு தெளிவாக எழுதி வைத்திருக்கும் நாடுகளில் அது ஒன்று. பி-1 பிசினஸுக்கு, பி-2 சுற்றுலாவுக்கு. நடைமுறையில் இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்டிக்கராகத்தான் பெரும்பாலும் ஒட்டிக் கொடுக்கிறார்கள், எந்த வகையில் உள்ளே விடுவது என்பதை இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார். பி-1இல் போனவர் கையால் வேலை செய்யக்கூடாது என்பது பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தைப் பொருத்தவோ பழுதுபார்க்கவோ அந்த நிறுவனத்தின் ஆள் வரலாம். ஆனால் அந்தச் சேவையைத் தருவோம் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும், வருகிறவருக்கு அந்த இயந்திரத்தில் தனித் தேர்ச்சி இருக்க வேண்டும், சம்பளம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கட்டுமான வேலையில் கை வைக்கவே கூடாது, மேற்பார்வை பார்க்கலாம், சொல்லிக் கொடுக்கலாம். ஆக, ஒரே ஆள், ஒரே ஸ்பேனர், ஒரே இயந்திரம். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் சட்டப்படி சரி, அந்த வரி இல்லையென்றால் சிக்கல்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மனிதவள அமைச்சின் விதிகளில் இது இன்னும் நன்றாகப் பிரிந்திருக்கிறது. குறுகிய கால வருகை அனுமதியில் வருகிறவர் கம்பெனிக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், வர்த்தகக் கண்காட்சியைப் பார்க்கலாம், கருத்தரங்கில் பங்கேற்பாளராக உட்காரலாம், அதற்கு அமைச்சிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து இங்கே ஒரு தொழிற்கூடத்தில் இயந்திரத்தைப் பொருத்தப் போகிறார் என்றால், வேலை அனுமதி வேண்டாம், ஆனால் வந்து இறங்கியபின் வேலையைத் தொடங்குவதற்கு முன் அமைச்சுக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 90 நாள்தான். சமயச் சொற்பொழிவுக்கு ஊரிலிருந்து ஒருவரை அழைக்கிறீர்கள் என்றால் அதற்கு மிஸ்லேனியஸ் ஒர்க் பாஸ் என்று தனி அனுமதி இருக்கிறது, 60 நாள் வரை கொடுப்பார்கள். உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கோயில் கமிட்டிகளில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சொந்தக்கார வீட்டுக்கு வருவதுபோல் வரவழைத்து மேடையேற்றிவிட்டால் சிக்கலில் மாட்டுவது அந்தப் பெரியவர்தான்.

அக்கம்பக்கத்து நாடுகளில்தான் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். உட்லண்ட்ஸைத் தாண்டினால் ஜொகூர், ஹார்பர்ஃப்ரண்டில் ஃபெர்ரி ஏறினால் பாத்தாம், வெளிநாடு போகிற உணர்வே வருவதில்லை. மலேசியாவில் சமூக வருகை அனுமதியில் தொழில் பேச்சுக்கு இடம் உண்டு, இயந்திரத்தில் கை வைக்க வேண்டுமென்றால் அங்குள்ள நிறுவனம் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டிய பாஸ் லவாத்தான் இக்திசாஸ் என்கிற நிபுணர் வருகை அனுமதி இருக்கிறது. தாய்லாந்தில், 15 நாளுக்குள் முடிகிற அவசர வேலை என்றால் தொழிலாளர் துறைக்கு முறையாக அறிவித்துவிட்டுச் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியா இயந்திரம் பொருத்தவும் பழுதுபார்க்கவும் என்றே தனி விசா வகை வைத்திருக்கிறது. மூன்று நாடுகளிலும் வழி இருக்கிறது, அந்த வழியில் போக மட்டும் யாருக்கும் பொறுமை இல்லை.

எங்கள் நிறுவனத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார், எஸ் பாஸ் என்கிற சிங்கப்பூர் வேலை அனுமதி, இந்தியப் பாஸ்போர்ட். பாத்தாமில் ஒரு வாடிக்கையாளரின், பைகளை ஒட்டி மூடும் சீலிங் இயந்திரம் நின்றுவிட்டது. இவர் பாஸ்போர்ட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, மூணு நாள்தான், அங்கே இறங்கியதும் விசா ஆன் அரைவல் எடுத்துக்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டார்" என்றார். 5 லட்சம் ருப்பியா கட்டினால் 30 நாள் தங்க இந்தியர்களுக்கு அது கிடைக்கும். அதில் சுற்றலாம், கூட்டத்துக்குப் போகலாம், சரக்கு வாங்கலாம். பெட்டியில் என்னென்ன எடுத்துப் போகிறாய் என்று கேட்டேன். மல்டிமீட்டர், ஆலன் கீ செட், ஹீட்டர் இரண்டு, டெம்பரேச்சர் கண்ட்ரோலர் ஒன்று, சேஃப்டி ஷூ, முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட இரண்டு சட்டை. பாத்தாம் முனையத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி "கூட்டத்துக்கு வந்தேன்" என்று இவர் சொல்ல வேண்டும். "கேட்டால் என்ன சொல்வாய் தம்பி?" என்றேன். "டூரிஸ்ட்னு சொல்லச் சொன்னாங்கக்கா" என்றார், குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் அது பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

நான் பயணத்தை நிறுத்திவிட்டு மேனேஜரிடம் போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, வாடிக்கையாளர் நாளுக்கு நாலு முறை போன் செய்து கத்துகிற நெருக்கடியில் இருந்தார். இந்தப் பையனைத் திருப்பி அனுப்பினார்கள் என்றால் அடுத்த முறை எந்த நாட்டு விண்ணப்பத்திலும் "உங்களுக்கு எங்காவது நுழைவு மறுக்கப்பட்டதா" என்ற கட்டத்தில் அவர் ஆம் என்று எழுத வேண்டும், நம் கம்பெனியை விட்டுப் போன பிறகும் எழுத வேண்டும் என்று சொன்னேன். பாத்தாம் நிறுவனமே ஸ்பான்சர் செய்து சரியான விசா எடுக்கட்டும் என்று முடிவானது. இயந்திரம் கூடுதலாகச் சில நாள் நின்றது. அதற்குள் வீடியோ அழைப்பில் அங்குள்ள மெக்கானிக்கைக் கொண்டே பாதிப் பழுதைக் கண்டுபிடிக்கவும் செய்தார்கள். தம்பி போய் மீதியை முடித்துவிட்டு வந்தார், அதிகாரியிடம் உண்மையையே சொன்னார்.

சிவப்புப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விசா வேண்டாம் என்றால் நோக்கமும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். ஆசியான் நாட்டவர் என்ற முறையில் இந்தோனேசியாவுக்கு 30 நாள் விசா இல்லாமல் போகலாம், 2024 பிப்ரவரி 9 முதல் சீனாவுக்கும் 30 நாள் அப்படிப் போகலாம். சுற்றுலா, உறவினர், தொழில் பேச்சு எல்லாம் அதில் அடங்கும். வேலை அடங்காது. குவாங்சோவில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் கேன்டன் கண்காட்சிக்குச் சிங்கப்பூரர் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அவரோடு கூட்டாளியாகக் கடை நடத்தும் இந்தியப் பாஸ்போர்ட்காரர், நிரந்தரவாசியாகவே இருந்தாலும், எம் வகை தொழில் விசாவுக்கு அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். நம்முடைய நிரந்தரவாசத் தகுதி இங்கே திரும்பி வரத்தான் உதவும், அடுத்த நாட்டில் பெரும்பாலும் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

இனி இந்தியா. நம்மில் அதிகம் பேர் போகிற இடம், அதிகம் குழம்புகிற இடமும் அதுதான். 2014 நவம்பரில் இந்தியா இணையவழி விசாவைக் கொண்டுவந்தபின் சிங்கப்பூரர்களுக்குச் சுற்றுலா விசா மிகச் சுலபமாகிவிட்டது, 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று எடுக்கலாம். இ-பிசினஸ் விசா ஓராண்டுக்கு. அதற்குக் கூடுதலாகக் கேட்பது இரண்டே இரண்டு: உங்கள் விசிட்டிங் கார்டு, அங்குள்ள நிறுவனத்தின் அழைப்புக் கடிதம். இந்த இரண்டு காகிதத்துக்குப் பயந்துதான் நம்மவர்கள் ஐந்தாண்டு சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு வியாபாரத்தையும் அதிலேயே ஓட்டப் பார்க்கிறார்கள்.

சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் உறவுக்கார மாமா ஒருவர் கேட்டார், தஞ்சாவூரில் தங்கச்சி மகள் கல்யாணம், அது முடிந்ததும் திருப்பூர் போய் டி-ஷர்ட் ஆர்டர் கொடுத்துவிட்டு அப்படியே சூரத்தும் போக வேண்டும், எந்த விசா? பிசினஸ் விசா எடுங்கள் மாமா என்றேன். அவருக்கு ஆச்சரியம், "போறது கல்யாணத்துக்கும்மா, சரக்கு ஒரு ஓரமா" என்றார். பிசினஸ் விசாவில் போனவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. சுற்றுலா விசாவில் போனவர் ஜி.எஸ்.டி. பில்லோடு நாலு பொதி சரக்கை அனுப்புவதும், தொழிற்சாலையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவதும் அந்த விசாவின் நோக்கத்துக்குள் வராது. பயணத்தில் இரண்டு நோக்கம் கலந்திருந்தால் கனமான நோக்கத்துக்கு ஏற்ற விசாவை எடுங்கள், லேசானது அதற்குள் அடங்கிவிடும். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தை எடுத்துவிட்டு 2025இல் புதிய குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் அங்கே வந்திருக்கிறது. விசா நிபந்தனையை மீறுவதை லேசாக எடுத்துக்கொள்ளும் காலம் அது இல்லை.

மாமா மாதிரி அடிக்கடி போகிறவர்கள், பெற்றோரோ தாத்தா பாட்டியோ பூட்டன் பூட்டியோ இந்தியக் குடிமக்களாக இருந்திருந்தால், ஓசிஐ என்கிற, இந்திய வம்சாவளியினருக்கான அட்டைக்கு விண்ணப்பிப்பதுதான் என் யோசனை. வாழ்நாள் முழுக்க, பல நோக்கத்துக்கும் செல்லும். பத்திரிகைத் தொழில், ஆராய்ச்சி, சமயப் பிரசாரம், மலையேற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி அனுமதி தேவை, விவசாய நிலம் வாங்க முடியாது. பழைய ஆவணங்களைத் தேடுவது சிரமம்தான், தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு ஊரில் தாலுகா அலுவலகம் வரை ஆள் அனுப்பியவர்கள் உண்டு. ஆனாலும் வியாபாரம் செய்கிறவருக்கு அந்தச் சிரமம் ஒரு முறையோடு முடிகிறது. அப்புறம், இந்திய விசாவுக்கு அரசாங்க இணையத்தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, கூடுதல் காசு வாங்கிக்கொண்டு அதே படிவத்தை நிரப்பிக் கொடுப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் முகவரியைப் பாருங்கள்.

ஐரோப்பா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு ஒரே விசாதான், படிவத்தில் நோக்கம் என்ற கட்டத்தில் எதை டிக் செய்கிறீர்களோ அதற்கேற்ற ஆவணங்கள் கேட்பார்கள். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா சுற்றுலா, தொழில் இரண்டையும் தாங்கும், எதெல்லாம் செய்யலாம் என்று நீளமான பட்டியலே வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் அங்கே போக மின்னணுப் பயண அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவின் 600 விசாவில் சுற்றுலாப் பிரிவு வேறு, தொழில் வருகையாளர் பிரிவு வேறு. குறுகிய காலச் சிறப்பு வேலைக்கு 400 என்று தனி விசா.

மடிக்கணினி விஷயத்தை இளையவர்கள் அதிகம் கேட்கிறார்கள். பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போன இடத்தில் இரண்டு நாள் அலுவலக மின்னஞ்சல் பார்க்கலாமா என்று. இங்கிலாந்து 2024 ஜனவரி 31 முதல் இதை வெளிப்படையாகவே அனுமதித்திருக்கிறது, வருகையின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பல நாடுகளின் விதிகளில் இதைப் பற்றி இப்படி வெளிப்படையான வரி கிடையாது. மாதக் கணக்கில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால் மலேசியாவின் டெ ரந்தாவ், தாய்லாந்தின் டிடிவி மாதிரி அதற்கென்றே வந்திருக்கும் அனுமதிகளைப் பாருங்கள். இரண்டு மின்னஞ்சலுக்குப் பயப்பட வேண்டாம், ஆறு மாதத்தைச் சுற்றுலா என்று சொல்லவும் வேண்டாம்.

பிசினஸ் விசா மறுக்கப்படுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் அழைப்புக் கடிதம்தான். "எங்கள் நிறுவனத்துக்குத் தொழில் நிமித்தமாக வருகிறார், விசா வழங்க வேண்டுகிறோம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். படிக்கிற அதிகாரிக்கு அதில் ஒன்றுமே இல்லை. நிறுவனத்தின் பதிவு எண், முகவரி, வருகிறவரின் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடத்தில், யாரைச் சந்திக்க, எதைப் பற்றிப் பேச, செலவு யாருடையது, இரண்டு நிறுவனங்களுக்கும் எத்தனை காலமாக என்ன தொடர்பு, கையெழுத்துப் போடுபவரின் பதவி, எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண். இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். முக்கியமாக, வினைச்சொற்களைப் பாருங்கள். "புதிய பேக்கிங் வரிசையின் வரைபடத்தைப் பார்த்து விலை பேச வருகிறார்" என்பது பிசினஸ். "புதிய வரிசையை நிறுவி இயக்கிக் காட்ட வருகிறார்" என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதமே இது வேலை என்று சொல்லிவிடுகிறது. உண்மையிலேயே நிறுவத்தான் போகிறார் என்றால் கடிதத்தை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், விசா வகையை மாற்றுங்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னது நிரூபணமானால் இங்கிலாந்தில் பத்து ஆண்டுத் தடை வரை போகும், அமெரிக்காவில் விலக்கு வாங்காத வரை வாழ்நாள் முழுக்க நுழைய முடியாமல் போகலாம்.

ஏஜென்ட் சொன்னார் என்பது எந்தக் கவுண்டரிலும் செல்லாது. கையெழுத்து உங்களுடையது. ஏஜென்ட் நிரப்பிய படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள், எந்தத் தொழில் என்று போட்டிருக்கிறார், நோக்கம் என்ன என்று போட்டிருக்கிறார் என்று. அவர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகச் சுற்றுலா என்று போட்டுவிடுவார், கவுண்டரில் கேள்வி வரும்போது அவர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

அடிக்கடி தொழிலுக்காகப் பறக்கும் சிங்கப்பூரர்களுக்கு ஏபிடிசி என்கிற ஏபெக் (ஆசிய பசிபிக் பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பு) தொழில் பயண அட்டை நல்ல வசதி. 100 வெள்ளி, ஐந்து ஆண்டு செல்லும், பங்கேற்கும் நாடுகளில் முன் அனுமதி பெற்ற தொழில் வருகை, தனி வரிசை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வரிசை மட்டும்தான், விசாவுக்கு ஈடாகாது. இந்தியா ஏபெக்கில் இல்லை என்பதால் அங்கே அதற்கு வேலையே இல்லை. அதுவும் பேசப் போகிறவர்களுக்கான அட்டைதான். விசாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு விலை உயர்ந்த மாதிரிப் பொருள்களை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவதானால் ஏடிஏ கார்னே என்கிற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுங்கள், சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தகச் சங்கம் கொடுக்கிறது, சுங்கத்தில் வரி கட்டி நிற்க வேண்டியதில்லை. பயணக் காப்பீட்டில் உடலுழைப்பு வேலையின்போது ஏற்படும் காயத்துக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடையாது. விரல் நசுங்கினால் அந்த விடுமுறைக் காப்பீடு ஒரு காசு தராது, தொழில்நுட்பக்காரரை அனுப்புகிறவர்கள் அதற்கேற்ற பாலிசி எடுக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது பயணக் கோரிக்கைப் படிவத்தில் "அங்கே என்ன செய்வீர்கள்" என்ற கட்டத்தைப் போகிறவரே தன் கையால், தனக்கு வரும் மொழியில் நிரப்புகிறார். தமிழிலும் எழுதுகிறார்கள், சீனத்திலும் எழுதுகிறார்கள். மேனேஜர் அதை நிரப்பினால் "கூட்டம்" என்று வரும், போகிறவர் நிரப்பினால் "பெல்ட் மாத்தணும்" என்று வரும். பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் அதற்குரிய விசா வந்த பிறகுதான் டிக்கெட்.

உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையென்றால், சுற்றுலா என்று சொல்லிவிட்டுப் போய் வா என்று யாராவது சொன்னால், மறுத்துச் சண்டை போட வேண்டியதில்லை. "நான் அங்கே இந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போகிறேன், எந்த விசாவில் போக வேண்டும் என்று உறுதி செய்து சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுத்தில் சொல்ல யாரும் அவ்வளவு சீக்கிரம் துணிய மாட்டார்கள். விற்பனைப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இயந்திரத்தை விற்கும்போதே பொருத்தித் தருவதும் பழுதுபார்ப்பதும் எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், ஆள் வர விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் ஆட்களில் ஒருவருக்குச் சின்னப் பழுதுகளைப் பார்க்கப் பயிற்சி கொடுத்துவிட்டு வாருங்கள்.